மழையில் பேசக்கூடாத கார்

மழை பெய்யும்போது எங்கள் காருக்குள் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். பேசினால் முன்கண்ணாடி மங்கிவிடும் என்பது காரணம். வெளியே வைப்பர் இடமும் வலமுமாக அலைந்துகொண்டிருக்கும். உள்ளே எங்கள் மூச்செல்லாம் கண்ணாடியில் போய் வெள்ளையாகப் படிந்து, எதிரே வருவது பஸ்ஸா வைக்கோல் ஏற்றிய வண்டியா என்று தெரியாமல் போகும். அப்பா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மஞ்சள் துணியை எடுத்துத் துடைப்பார். துடைத்த இடம் மறுபடி மங்குவதற்குள் வளைவைத் தாண்டியாக வேண்டும்.

"ஒருத்தரும் பேசப்பிடாது. பேசினா மூச்சு கூடும்" என்பார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. என் வாயிலிருந்து வரும் ஒன்று, கண்ணுக்கே தெரியாத ஒன்று, கண்ணாடியில் போய் உட்கார்ந்து சாலையை மறைக்கிறது. வீட்டில் எவர்சில்வர் தம்ளரில் ஊதிப் பார்ப்பேன், அலமாரிக் கண்ணாடியில் ஊதிப் பார்ப்பேன். காரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் விடாவிட்டால் எவ்வளவு குறைகிறது என்றும் பார்த்திருக்கிறேன். ஒன்றும் குறையவில்லை.

அந்தக் கார் தாத்தா வாங்கியது. உருண்டை முகமும் உருண்டை முதுகுமாக, அம்மாவைவிட வயதில் மூத்தது. தாத்தாவுக்குப் பிறகு அதை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வாரம் முழுக்க ஷெட்டில் நிற்கும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதில்தான் இரணியலிலிருந்து சாமித்தோப்புப் பதிக்குச் சாமி கும்பிடப் போவோம். போகிற வழியில் கோட்டாறில் அத்தையை ஏற்றிக்கொள்வோம்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். அவளுடைய கணவர் குவைத்தில் இருந்தார். கோட்டாறு வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என் பாவாடை, பள்ளி யூனிபாரம் எல்லாம் அவள் தைத்ததுதான். அளவெடுக்கக்கூட மாட்டாள். என்னை ஒரு தடவை திரும்பி நிற்கச் சொல்வாள், அவ்வளவுதான். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அதை அன்றைக்கு நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. சில வீட்டில் மாடு உண்டு, சில வீட்டில் இல்லை என்பதுபோல.

கோடை மாதங்களில் கோட்டாறிலிருந்து சாமித்தோப்பு வரை அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டே வருவார்கள். அவியலுக்குத் தேங்காய் எவ்வளவு என்பதில் தொடங்கும் பேச்சு, சுசீந்திரம் தாண்டுவதற்குள் யார் யாரை எந்தக் கல்யாணத்தில் கவனிக்கவில்லை என்பதில் வந்து நிற்கும். அப்பாவின் கழுத்து மெல்ல இறுகும். மழை மாதங்களில் மட்டும் அவர் மெல்லச் சீட்டியடித்தபடி ஓட்டுவார். சீட்டியடித்தால் மூச்சு வராதா என்று ஒருமுறை கேட்டேன். "நீயும் பேசப்பிடாது" என்றார்.

அம்மாவுக்கு இந்தச் சட்டம் பெரிய தண்டனை. அவள் பேசப் பிறந்தவள். அவளுடைய தம்பி, என் மாமா, கப்பலில் எலக்ட்ரீஷியன். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அக்காவுக்குப் போன் செய்வார். ஒருநாள் அம்மா போனில் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இங்கேருந்து சாமித்தோப்பு வரைக்கும் வாயில ஒரு மடக்கு வெள்ளம் வச்சிருக்கவ மாதிரி இருக்கணும் கேட்டியா. ஒரு கண்ணாடிக்காக."

மாமா அக்காவின் குறைகளைக் காதால் கேட்பதோடு விட்டுவிடுகிறவர் இல்லை. கண்ணெரியுது என்று அவள் சொன்னதற்காகத் தேங்காய் உடைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்தவர். கண்ணெரிச்சல் வெங்காயத்தால் வந்தது. போனில் அவர் காதில் அது தேங்காய் என்று விழுந்திருந்தது. இந்த முறை சரியாகவே கேட்டுவிட்டார்.

அவருடைய கப்பல் குளிர்க்கடல்களில் ஓடுவது. அங்கே கப்பலின் முன்கண்ணாடிகள் தாமாகவே சூடாகுமாம், பனி ஒட்டாமல் இருக்க. இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊரில், பழைய கார்களுக்கும் அதேபோல் கண்ணாடி செய்து கொடுக்கிறவர்களை அவர் கண்டுபிடித்தார். எங்கள் காரின் மூத்த அண்ணன் ஒன்று அந்த நாட்டில்தான் முதலில் பிறந்ததாம். அதே முகம், அதே கண்ணாடி அளவு.

ஆனி மாதத்தில் மாமா லீவில் வந்தார். கொச்சியில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலில் இரணியல் ஸ்டேஷன் வரை ஒரு பெரிய மரப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே வந்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து மினி லாரி பிடித்தோம். தூறல் போட்டது. லாரியின் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து, குடையைப் பெட்டிக்குப் பிடித்து, தான் நனைந்துகொண்டு வந்தார்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கு ஏமாற்றம். சாதாரணக் கண்ணாடி.

"கம்பி எங்க மாமா?"

"நேரா பாத்தா தெரியாது மக்ளே. சரிஞ்சு நின்னு, வெளிச்சத்துக்கு எதிரா பாரு."

தரையில் முழங்கால் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இருந்தது. கண்ணாடிக்குள்ளே, சிலந்தி நூலைவிட மெல்லிய கம்பிகள், ஆயிரமோ என்னவோ, மேலிருந்து கீழாகச் சிறு சிறு அலையாக ஓடின. கண்ணை அசைத்தால் மறைந்துவிடும். மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை.

ஷெட்டில் வேலை தொடங்கியது. பழைய கண்ணாடியை ரப்பரோடு உள்ளிருந்து தள்ளி எடுத்தார்கள். புதியதைப் பொருத்துவது ஒரு வித்தை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, ரப்பரின் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். மாமா வெளியே நின்று கண்ணாடியை அமுக்க, அம்மா காருக்குள் உட்கார்ந்து கயிற்றைப் பைய இழுத்தாள். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தது. அம்மாவின் முழங்கை வரை சோப்பு நுரை. "எனக்குப் பேச வழி பண்ணுதான் என் தம்பி" என்று சொல்லிச் சொல்லி இழுத்தாள்.

அப்பாவும் உதவி செய்தார். ஆனால் அவருடைய உதவியில் அடிக்கடி ஓய்வுக்கான யோசனைகள் இருந்தன. "லீவுல வந்த மனுசன் இப்பிடிக் கிடந்து கஷ்டப்படணுமா மச்சான்? வா, சாயா குடிக்கலாம்."

மாமா ஒருமுறை கதவின் முன்மூலையில் இருந்த முக்கோணச் சின்னக் கண்ணாடியைத் தொட்டு, "அத்தான், மழைக்கு இதக் கொஞ்சம் திறந்து வைக்கது இல்லியா?" என்று கேட்டார். அது துருப்பிடித்து இறுகிப்போய்விட்டது என்றார் அப்பா. மாமா அதைத் தள்ளிப் பார்க்கவில்லை. அத்தான் சொன்னால் சரி. நான் பெரியவளாகி அதே காரில் ஓட்டப் பழகியபோது ஒரு மழைநாளில் சும்மா தள்ளிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குத் திறந்தது. ஒரு விரல் அகலம் திறந்துவைத்ததும் கண்ணாடி மங்கல் தானாகவே விலகிப்போனது.

மாமா பேட்டரியிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்றை இழுத்து, பானட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சலிக்காமல் சொன்னார். கண்ணாடி குடிக்கும் கரண்டு அதிகம். சின்ன சுவிட்ச் தாங்காது. அதனால் சின்ன சுவிட்ச் ரிலே என்ற பெட்டியைத் தட்டி எழுப்பும், அந்தப் பெட்டிதான் பெரிய கரண்டைத் திறந்துவிடும். தட்டும்போது உள்ளே 'டிக்' என்று கேட்கும். பிறகு பியூஸ். கண்ணாடிக் குழாய், இரண்டு முனையிலும் வெள்ளித் தொப்பி, உள்ளே ஒரு தகட்டு இழை.

"இது எதுக்கு?"

"கரண்டு அளவுக்கு மிஞ்சினா இது மொதல்ல எரிஞ்சு போவும். வண்டி பொழச்சுக்கும்."

முதல் சோதனையில் சுவிட்சைப் போட்டதும் 'டிக்' கேட்டது. அடுத்த கணம் ஹெட்லைட் மஞ்சளாகச் சோர்ந்து, எஞ்சின் முனகி நின்றுவிட்டது. பழைய டைனமோவால் முடியவில்லை. அப்பாவின் முகத்தில் நான் பார்த்தது வருத்தம் என்று சொல்ல முடியாது. "வயசான வண்டி. விட்டிருவோம்" என்றார். மாமா கேட்கவில்லை. மறுநாள் கோட்டாறில் பழைய சாமான் கடைகளில் தேடி, அதிகக் கரண்டு தரும் ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கிவந்து, தாங்கும் கம்பியை வெட்டி ஒட்டி மாட்டினார்.

இரண்டாம் சோதனைக்கு மழை இல்லை. அம்மா ஒரு குடம் கொதிநீரைக் காருக்குள் வைத்து மூடினாள். உள்ளே நானும் அம்மாவும். கண்ணாடி முழுக்க வெளுத்தது, வெளியே நின்ற மாமா மறைந்துபோனார். சுவிட்சைப் போட்டேன். 'டிக்.' கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழ்ப்பக்கத்தில் ஒரு கோடு தெளிந்தது. பக்கத்தில் இன்னொரு கோடு. யாரோ உள்ளிருந்து சீப்பால் வாரிவிடுவதுபோல் வரிவரியாக மேலே ஏறி, மாமாவின் வேட்டி, சட்டை, மீசை, சிரிப்பு என்று முழுசும் வந்துவிட்டது.

அம்மா உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். "காய்ச்சல்காரப் பிள்ளைக்க நெத்தி மாதிரி இருக்கு" என்றாள்.

ஆடி மாத முதல் ஞாயிறு நல்ல மழை. மாமா முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில், பின்னால் அம்மாவும் நானும். வில்லுக்குறி வருமுன்பே மாமா சுவிட்சைப் போட்டார். கண்ணாடி பளிச்சென்று நின்றது. அம்மா பேசத் தொடங்கினாள். எத்தனையோ மழைக்காலமாக அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. அப்பா சீட்டியடிக்கவில்லை.

கோட்டாறில் அத்தை ஏறிக்கொண்டாள். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, மாமாவின் தலையில் கைவைத்து வாழ்த்தினாள். எல்லோரும் சிரித்தோம். நான் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அத்தை என் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அம்மா எப்போதும் இறுக்கிப் பின்னுகிறவள். புருவம் மேலே ஏறும்படி பின்னுவாள்.

"இப்பிடி இறுக்கினா பிள்ளைக்குத் தலை வலிக்காதா?" என்றாள் அத்தை.

"இறுக்கல்லேன்னா நிக்காது மைனி."

"நிக்கும். கொஞ்சம் பொறுமையா பின்னினா நிக்கும். இங்க பாரு, காதுகிட்ட சிவந்துபோய் இருக்கு."

"அது பெத்தவளுக்குத் தெரியும் மைனி, எவ்வளவு இறுக்கணும்னு."

அத்தையின் கையிலிருந்து என் சடை நழுவி முதுகில் விழுந்தது. எனக்கு அந்த வாக்கியத்தில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. என்னைப் பெற்றது அம்மாதானே. ஆனால் காருக்குள் எல்லாம் நின்றுவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகு ஏன் பொத்துகிறாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

"தம்பி, வண்டிய நிறுத்து" என்றாள் அத்தை.

"அக்கா, மழை பெய்யுது."

"நிறுத்து."

சுசீந்திரம் பாலத்துக்கு இந்தப்பக்கம் அப்பா ஓரம் கட்டினார். அத்தை இறங்கி, கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். வந்த வழியே திரும்பி நடக்காமல், காருக்கு முன்னால் தெரிந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். முன்கண்ணாடி அன்றைக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. அத்தை திரும்பிப் பார்க்காமல் நடப்பதும், அப்பா ஒரு எட்டுப் பின்னால் நடந்தபடி குடையை அவள் தலைக்கு மேல் நீட்டுவதும், அவள் விலகி விலகி நனைவதும், குடைக்கு அடியில் யாருமே இல்லாமல் போவதும், எல்லாம் ஒரு துளி மங்காமல் தெரிந்தது. மாமா கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். கண்ணாடி உடனே மங்கவில்லை. சூடு ஆறுவதற்கு நேரம் பிடித்தது.

நனைந்துபோய் வந்த அப்பா, "அக்கா பஸ் ஏறிட்டா" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தார். பேசத் தடையில்லாத காரில் பதி வரைக்கும் யாரும் பேசவில்லை.

மாமா சில நாளில் கப்பலுக்குக் கிளம்பினார். போகும்போது ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் சேர்த்து என் கையில் கொடுத்தார். எங்கே கரண்டு வருகிறது, எங்கே நிற்கிறது என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அம்மாவிடம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "உடம்பப் பாத்துக்கோ அக்கா" என்று முடித்துக்கொண்டார்.

ஆவணியில் அத்தை வரவில்லை. அப்பா கோட்டாறில் இறங்கி உள்ளே போய், "அவளுக்குக் காய்ச்சலாம்" என்று திரும்பி வந்தார். புரட்டாசியிலும் காய்ச்சல். புது யூனிபாரத்துக்கு அம்மா என்னைத் தக்கலையில் ஒரு தையல்காரரிடம் கூட்டிப்போனாள். அவர் தைத்தது இடுப்பில் நிற்கவில்லை. அம்மா அதன் தையலைப் பிரித்து, தானே கையால் தைத்து முடித்து, கொஞ்ச நேரம் அந்தத் துணியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஐப்பசி முதல் ஞாயிறு விடியும்போதே மழை கொட்டியது. நான் வழக்கம்போல் முன்னதாகவே ஷெட்டுக்குப் போய் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். 'டிக்' கேட்டது. ஆனால் கண்ணாடியில் கைவைத்தால் சில்லென்று இருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மாமா கொடுத்த பல்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது. பேட்டரியில் வைத்தேன், எரிந்தது. சிவப்பு ஒயரின் வழியே ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். பியூஸ் கூட்டுக்கு முன்னால் எரிந்தது, பின்னால் எரியவில்லை. மூடியைத் திறந்தேன். பியூஸ் எரிந்துபோகவில்லை. பியூஸே இல்லை.

"அப்பா! பியூஸ் காணல!"

அப்பா கூட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுப்பக்கம் பார்த்தார். "எலி எடுத்திருக்கும்" என்றார்.

அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். தலை பின்னுவதற்கு அவள் டப்பாவில் ரிப்பனும் ஹேர்பின்னும் இருக்கும். ரிப்பனை எடுக்கத் திறந்தால், பின்களுக்கு நடுவே வெள்ளித் தொப்பிகளோடு பியூஸ் கிடந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, இது இங்க கிடக்கு!"

அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, டப்பாவுக்குள் வைத்து மூடினாள். "அது அங்கயே இருக்கட்டும்."

"அது இல்லேன்னா கண்ணாடி சூடாகாதும்மா. பேச முடியாது."

"ஆமா" என்றாள். "இன்னைக்குப் பேசண்டாம்."

என் தலையை அவள் பின்னவில்லை. சீப்பையும் ரிப்பனையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தலைவிரிகோலமாகவே காரில் ஏறினேன்.

கோட்டாறில் கார் நின்றபோது நானும் அப்பாவின் குடைக்குள் ஒட்டிக்கொண்டு போனேன். அத்தை மிஷினில் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் வரல்ல தம்பி. தைக்க நிறைய கிடக்கு."

"கண்ணாடி வேலை செய்யல்லக்கா."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இல்ல, மழையும் கொட்டுது. பழையபடி யாரும் பேச முடியாதுன்னு சொல்ல வந்தேன்."

மிஷின் ஓடிக்கொண்டேயிருந்தது. அப்பா தனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. கண்டுபிடித்தவள் நான். அந்தப் பெருமையை விட எனக்கு மனமில்லை.

"அது ரிப்பேர் ஒண்ணும் இல்ல அத்தே. பியூஸ அம்மா கழட்டி ஹேர்பின் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. நான் பாத்துட்டேன். கேட்டா தரமாட்டேங்கா."

மிஷின் நின்றது. அத்தை என்னைப் பார்த்தாள். என் விரித்த தலையைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே மழையில் நின்ற காரைப் பார்த்தாள். அதன் கண்ணாடிகள் அதற்குள் நன்றாக வெளுத்துவிட்டிருந்தன, உள்ளே இருந்த அம்மா தெரியவில்லை.

"இரு. சேலை மாத்திட்டு வாறேன்" என்றாள்.

அத்தை ஏறினாள். அம்மா நகர்ந்து இடம் கொடுத்தாள்.  அப்பா மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். சுசீந்திரம் பாலத்தருகே அம்மா கைப்பையைத் திறந்து, சீப்பையும் ரிப்பனையும் என் மடிக்கு மேலாக அத்தையிடம் நீட்டினாள். அத்தை உடனே வாங்கவில்லை. அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது. கார் குலுங்கும்போதெல்லாம் சீப்பும் குலுங்கியது. பிறகு வாங்கிக்கொண்டாள். என் தலையைத் தன் பக்கம் திருப்பி, மெதுவாகச் சிக்கெடுத்து, நேரமெடுத்துப் பின்னினாள். எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. அப்பா துடைப்பதை மறந்து கண்ணாடியைப் பார்த்தார். முன்னால் பார்க்கிற கண்ணாடியை அல்ல, பின்சீட்டைப் பார்க்கிறதை.

அத்தை சொன்னது சரியில்லை. சடை நிற்கவில்லை. பொற்றையடி திரும்பும்போதே தளரத் தொடங்கி, பதியில் இறங்கும்போது ரிப்பன் பாதி அவிழ்ந்துவிட்டது. மத்தியான வழிபாடான உச்சிப்படிப்பின்போது முடி கண்ணில் விழுந்தது, சாப்பிடும்போது வாயில் விழுந்தது. என் தலையில் ஒரு முடி பிரிந்து பறந்தாலும் பொறுக்காமல் எச்சில் தொட்டு ஒதுக்குகிற அம்மா, அன்றைக்கு முழுக்க என் பக்கத்திலேயே நடந்தாள். அந்தச் சடையைத் தொடவே இல்லை.

அவள் கவனிக்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.